கிளப் யாருடையது என்ற கேள்வியை யாரிடம் கேட்பது?

2021 அக்டோபர் 7 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கால்பந்துக் கிளப் கைமாறியது. சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியத்துக்கு 80 சதவீதம், பிரிட்டிஷ் தொழிலதிபர்களான ரூபன் சகோதரர்களின் நிறுவனத்துக்கு 10, அமாண்டா ஸ்டேவ்லியின் முதலீட்டு நிறுவனமான பிசிபி கேப்பிட்டலுக்கு 10 என்று பங்கு பிரிந்தது. விலை சுமார் 30.5 கோடி பவுண்டு என்று செய்திகள் சொல்லின. அன்று மாலை கிளப்பின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க் வாசலில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடிப் பாடினார்கள். அதே மாலையில் செய்தித் தளங்களில் ஜமால் கஷோக்ஜியின் பெயர் மேலே வந்தது. 2018 அக்டோபர் 2இல் இஸ்தான்புல் சவுதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் அவர். அந்த நடவடிக்கைக்குப் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் ஒப்புதல் கொடுத்தார் என்று அமெரிக்க உளவுத்துறை தன் மதிப்பீட்டை 2021 பிப்ரவரியில் வெளியிட்டிருந்தது. சவுதி அரசு அதை மறுத்தது. கிளப்பை வாங்கிய நிதியத்தின் தலைவர் அதே இளவரசர்தான்.

அன்று ரசிகர்களுக்கும் நிருபர்களுக்கும் இடையே பற்றிய தீ இன்னும் அணையவில்லை. இரு பக்கமும் நியாயம் பேசுகிறது, இரு பக்கமும் தவறான ஆளிடம் பேசுகிறது. நிருபர் கேட்க வேண்டிய கேள்வியை டிக்கெட் வாங்கி வந்த ரசிகனிடமும் பயிற்சியாளரிடமும் கேட்கிறார். ரசிகர் தன் கோபத்தை, அந்தக் கேள்வியைக் கேட்ட நிருபர் மீது கொட்டுகிறார். முடிவெடுத்தவர்கள் யாரும் அந்த அறையிலேயே இருப்பதில்லை. இதைச் சரிசெய்ய எழுதுகிறவர்களும் ரசிகர்களும் நடைமுறையில் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நியூகாசிலின் முந்தைய கதை தெரிந்திருக்க வேண்டும். மைக் ஆஷ்லி 2007இல் கிளப்பை வாங்கினார். அவர் காலத்தில் 2009, 2016 என இரண்டு முறை அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 2011இல் மைதானத்தின் பெயரையே தன் கடைச் சங்கிலியின் பெயரால் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா என்று மாற்றினார். 2013 அக்டோபரில் ரசிகர்கள் அவருக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். அதைச் செய்தியாக்கியதற்காக க்ரானிக்கிள், ஜர்னல், சண்டே சன் என்ற மூன்று உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கும் கிளப் தடை போட்டது. 2015இல் ஸ்டீவ் மெக்லாரன் பயிற்சியாளராக வந்தபோது ‘விருப்பத்துக்குரிய ஊடகக் கூட்டாளிகள்’ என்று கிளப் தேர்ந்தெடுத்த ஒரு தொலைக்காட்சிக்கும் ஒரு நாளிதழுக்கும் மட்டும்தான் பேட்டி. அந்த ஆண்டுகளில் ரசிகர்களும் உள்ளூர் நிருபர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். இதை மறந்துவிட்டு ‘பத்திரிகைக்காரர்களுக்கு எப்போதுமே நம் ஊரைப் பிடிக்காது’ என்று பேசுகிறவர்களுக்கு 2013ஐ நினைவூட்டுவது நல்லது. மறுபக்கம், ‘பணத்தைக் கண்டதும் மனசாட்சியை விற்றுவிட்டார்கள்’ என்று எழுதுகிற வெளியூர் நிருபரும் அந்த 14 ஆண்டுகளை ஒரு பத்தியிலாவது சொல்லாமல் எழுதக் கூடாது. அன்று வாசலில் நடந்த கொண்டாட்டத்தில் பாதிக்கு மேல் ஆஷ்லி போனதற்கான கொண்டாட்டம்.

கேள்வி ஏன் தவறான இடத்துக்குப் போகிறது என்பதற்குக் காரணம் செய்தியாளர் சந்திப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ஆட்டத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பயிற்சியாளர் பேசியாக வேண்டும். முன்சந்திப்பு பெரும்பாலும் ஆட்டத்துக்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ நடக்கும். முதலில் கேமராக்களுக்கான பகுதி, பிறகு எழுத்து நிருபர்களுக்கான பகுதி. இரண்டாவது பகுதியில் சொன்னதை அன்று இரவு 10.30 வரை வெளியிடக் கூடாது என்பது வழக்கமான எம்பார்கோ. யார் கேட்கலாம், எத்தனை கேட்கலாம் என்பதைக் கிளப்பின் ஊடக அலுவலர்தான் தீர்மானிக்கிறார். கிளப் தலைவர் யாசிர் அல் ருமையான் அந்த நாற்காலியில் உட்காருவதில்லை. எனவே வாரம் இரண்டு முறை கையில் கிடைக்கிற ஒரே ஆள் பயிற்சியாளர். அவர் தலையில் எல்லாக் கேள்வியும் விழுகிறது.

2022 மார்ச் 12 அன்று சவுதி அரேபியா ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியதாக அறிவித்தது. மறுநாள் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் செல்சியிடம் நியூகாசில் 1-0 என்று தோற்றது. எதிரணியின் உரிமையாளரான ரஷ்யர் ரோமன் அப்ரமோவிச் மீது பிரிட்டன் தடை விதித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் நியூகாசில் பயிற்சியாளர் எடி ஹாவிடம் தண்டனைகள் பற்றிக் கேட்டார்கள். அவர் கால்பந்தைப் பற்றி மட்டுமே பேசுவேன் என்று ஒதுங்கிக்கொண்டார். நிருபர்கள் விடாமல் கேட்டார்கள். ‘எங்கள் பயிற்சியாளரை வதைக்கிறார்கள்’ என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை என்பதே மறுநாள் செய்தியானது. வாசகருக்குப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை.

கேட்டது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் அதுதான் தவறு. ஆனால் கேள்வியை அமைத்த விதத்தில் பிசகு இருந்தது. ‘81 பேர் கொல்லப்பட்டது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் பயிற்சியாளர் நழுவுவதற்கு வழி திறந்தே இருக்கிறது, அது அவர் கருத்து, சொல்ல விருப்பமில்லை, அவ்வளவுதான். அவருக்கு நேரடியாகத் தெரிந்த உண்மைகளைக் கேட்க வேண்டும். ஜனவரியில் ஜெத்தாவுக்குப் பயிற்சி முகாம் போக முடிவெடுத்தது யார்? அந்தப் பயணத்துக்கு முன் வீரர்களுக்கு மனித உரிமை பற்றி யாராவது விளக்கினார்களா? இந்த மாதிரி கேள்விகளுக்குக் கிளப்பில் பதில் சொல்லப் பொறுப்பானவர் யார், அவரை எப்போது பேட்டி காணலாம்? இவற்றுக்கு ‘தெரியாது’ என்று சொன்னாலும் அது செய்தி. நடைமுறையில் இன்னொன்று: கேமரா பகுதியில் ஒரு கேள்வி, எழுத்துப் பகுதியில் அதன் தொடர்ச்சி என்று இரண்டு நிருபர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் ஊடக அலுவலர் ‘அடுத்தது’ என்று வெட்டினாலும் கேள்வி சாவதில்லை. அதே கேள்விகளை அன்று காலையே கிளப்புக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிலுக்கு நேரம் குறித்துக் கொடுத்து, பதில் வராவிட்டால் ‘மாலை 5 வரை பதில் இல்லை’ என்று செய்தியில் எழுத வேண்டும். பயிற்சியாளர் தனியாக அடி வாங்குகிற காட்சி அப்போது குறையும். ரசிகருக்கும் எரிச்சல் குறையும், ஏனென்றால் மௌனம் யாருடையது என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

படங்கள் செய்கிற கேடு தனி. கைமாறியதற்குப் பிந்தைய முதல் ஆட்டம் அக்டோபர் 17இல் டாட்டன்ஹாமுடன். சிலர் தலையில் துணியைக் கட்டி அரபு உடை போட்டு வந்தார்கள். 52,000 பேர் கொள்ளும் மைதானத்தில் கேமரா அந்தச் சிலரிடமே போய் நின்றது. 20ஆம் தேதி கிளப் அப்படி உடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது, 23ஆம் தேதி அந்த வேண்டுகோளையே திரும்பப் பெற்றது. அந்த வாரம் முழுக்க நியூகாசில் ரசிகன் என்றால் இந்த உடை என்றே உலகம் பார்த்தது. புகைப்படத்தின் கீழ் ‘சில ரசிகர்கள்’ என்ற இரண்டு சொற்களைப் போட்டால் போதும், பாதிச் சண்டை அங்கேயே குறையும். எழுதுகிறவர் மட்டுமல்ல, படம் தேர்ந்தெடுக்கிற மேசையும் இதைக் கவனிக்க வேண்டும். ரசிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: தலைப்பை எழுதுவதும் படத்தைத் தேர்வதும் பெரும்பாலும் நிருபர் அல்ல. தலைப்பைப் பார்த்து நிருபரின் பெயரைத் தேடிப் போய்த் திட்டுவது, பல நேரம் அந்தத் தலைப்பை அச்சில்தான் முதன்முதலாகப் பார்த்த ஆளைத் திட்டுவதாகும்.

கருத்துக்கணிப்பு விஷயத்திலும் இரு தரப்பும் சறுக்குகின்றன. நியூகாசில் சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பு தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது 90 சதவீதத்துக்கும் மேல் கைமாற்றத்தை ஆதரித்தார்கள். இதைக் காட்டி ‘ரசிகர்களுக்கு மனித உரிமை பற்றிக் கவலையில்லை’ என்று சிலர் எழுதினார்கள். ‘ஊரே ஆதரிக்கிறது, நீ யார் கேட்க?’ என்று சிலர் திருப்பினார்கள். கணிப்பில் பதில் சொன்னவர்கள் டிரஸ்ட் உறுப்பினர்கள், கேள்வி கிளப் கை மாறலாமா என்பது, மாற்று வழியாக அவர்கள் கண் முன் இருந்தது ஆஷ்லி. அந்த எண் இவ்வளவைத்தான் சொல்லும். எந்தக் கணிப்பை மேற்கோள் காட்டினாலும் யாரிடம் கேட்டார்கள், கேள்வியின் வாசகம் என்ன, எந்த மாதம் என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். அதே ஊரில் ஸ்போர்ட்ஸ்வாஷிங்கை, அதாவது விளையாட்டைக் கொண்டு ஓர் அரசு தன் பெயரைக் கழுவிக்கொள்வதை, எதிர்க்கும் நியூகாசில் ரசிகர் குழு ஒன்று இயங்குகிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. எண்ணிக்கையில் சிறியதுதான். ஆனால் சொந்த அணியின் உரிமையாளருக்கு எதிராகச் சொந்த மைதான வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் துணிச்சல் சிறியதல்ல.

இப்போது ‘நீ மட்டும் யோக்கியமா?’ வாதம். ‘ஊபரில் போகிறாயே, அதில் சவுதிப் பணம் இல்லையா? உன் அரசாங்கம் அவர்களுக்கு ஆயுதம் விற்கவில்லையா?’ என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். அந்த நிதியம் 2016இல் ஊபரில் 350 கோடி டாலர் போட்டது. பிரிட்டன் ஆயுதமும் விற்கிறது. இதை நிருபர்கள் கேலி செய்து ஒதுக்குவது தவறு, ஏனென்றால் இதற்குள் ஒரு சரியான கோரிக்கை இருக்கிறது: எல்லாரையும் ஒரே அளவுகோலால் அள. அதிலும் இண்டிபெண்டண்ட் செய்தி நிறுவனத்தில் 2017 முதலும், பின்னர் ஈவினிங் ஸ்டாண்டர்டிலும் சவுதி முதலீட்டாளர் ஒருவருக்குச் சுமார் 30 சதவீதப் பங்கு இருந்தது. அந்த மாதிரிப் பத்திரிகையில் சவுதி உரிமை பற்றிக் கட்டுரை எழுதினால், கட்டுரையின் உள்ளேயே அதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ரசிகர் அதைத் தோண்டி எடுத்துப் போட்ட பிறகு விளக்கம் கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் ரசிகரும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊபரில் போகிறவர் அந்த நிறுவனத்தின் கொடியை ஏந்துவதில்லை, அதன் பெயரைக் கூட்டமாகப் பாடுவதில்லை. கால்பந்துக் கிளப்பை ஓர் அரசு வாங்குவதே அந்தப் பாட்டுக்காகத்தான். பிரிட்டனின் சட்டமே இதை ஓரளவு புரிந்துவைத்திருக்கிறது. அபுதாபிப் பணத்தில் டெலிகிராஃப் பத்திரிகையை வாங்க முயன்றபோது, 2024இல் வெளிநாட்டு அரசுகள் பத்திரிகையைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கிளப்புக்கு அப்படி ஒரு தடை வரவில்லை. ஏன் என்று நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பது ரசிகருக்கும் நிருபருக்கும் பொதுவான வேலை.

ஆவணம் பார்க்கத் தெரிந்தால் வாக்குவாதத்தில் பாதி தேவையே இல்லை. பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளம் இலவசம். கிளப்பின் நிறுவனப் பெயரைத் தேடி, நபர்கள் பிரிவுக்குள் ‘கணிசமான கட்டுப்பாடு உள்ளவர்கள்’ பட்டியலைத் திறங்கள். 2016 ஏப்ரல் முதல் இருக்கிற இந்தப் பட்டியலில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்கோ உள்ளவர் பெயர் வரும். நியூகாசிலின் சிறு பங்குக்காரர் இங்கே தெரியமாட்டார், அதனால் இதை முழுப் பங்குப் பட்டியல் என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு தாக்கல் வரலாற்றில் ஆண்டுக் கணக்கு. தனியார் நிறுவனம் நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் இதைத் தாக்கல் செய்ய வேண்டும். முதல் பக்கங்களில் உள்ள பெருமைகளைத் தாண்டிக் கடைசிக் குறிப்புகளுக்குப் போங்கள். ‘தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைகள்’, ‘இறுதிக் கட்டுப்பாட்டாளர்’, ‘கணக்கு முடிந்த பின் நடந்தவை’ என்ற மூன்று குறிப்புகளில்தான் சரக்கு இருக்கும். 2023-24 முதல் நியூகாசில் சட்டையில் முன்புறம் உள்ள செலா நிறுவனமும் அதே நிதியத்துக்குச் சொந்தமானது என்பதை வைத்து இந்தக் குறிப்புகளைப் படித்தால் கணக்கு பேச ஆரம்பிக்கும். 2024 கோடையில் ஸ்டேவ்லி வெளியேறி நிதியம் 85, ரூபன்கள் 15 என்று பங்கு மாறியதால், பழைய 80-10-10ஐ இன்றும் எழுதுகிற செய்தியை உடனே பிடித்துவிடலாம்.

மான்செஸ்டர் சிட்டி விவகாரம் வேறு ரகம். அங்கே சண்டை கணக்கைப் பற்றியது. 2018 நவம்பரில் ஜெர்மன் வார இதழ் டெர் ஷ்பீகல் கிளப்பின் நிதி பற்றிக் கசிந்த ஆவணங்களை வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ தன் போட்டிகளில் ஆட இரண்டு ஆண்டுத் தடையும் 3 கோடி யூரோ அபராதமும் போட்டது. ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடையை நீக்கி, அபராதத்தை 1 கோடியாகக் குறைத்தது. 2023 பிப்ரவரியில் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் நூற்றுக்கும் மேற்பட்ட விதிமீறல் குற்றச்சாட்டுகளை அறிவித்தது. இங்கே நிருபர் செய்கிற தவறு, குற்றச்சாட்டைத் தீர்ப்புபோல எழுதுவது. ரசிகர் செய்கிற தவறு, 2020 தீர்ப்பை முழு விடுதலை என்று சொல்வது. அந்தத் தீர்ப்பில் பெரும்பாலான புகார்கள் ஒன்று நிரூபிக்கப்படவில்லை, இல்லையென்றால் காலம் கடந்துவிட்டன. இரண்டும் ஒன்றல்ல. செய்தியில் ‘குற்றச்சாட்டு’, ‘தீர்ப்பு’, ‘மேல்முறையீடு’ எது எந்தத் தேதியில் என்று ஒரு வரி இருந்தால் மறுமொழியில் வரும் சண்டை கணிசமாகக் குறையும்.

தவறான செய்தி என்று தோன்றினால் வசைபாடுவதை விடப் புகார் பலன் தரும். முதலில் பத்திரிகைக்கே எழுதுங்கள்: எந்த வாக்கியம், ஏன் தவறு, சரியான தகவல் எங்கே, என்ன திருத்தம் வேண்டும் என்று நான்கே வரி. திருத்தாவிட்டால், அது ஐப்சோ என்ற சுய ஒழுங்குமுறை அமைப்பின் உறுப்பினரா என்று பாருங்கள். மிரர், க்ரானிக்கிள் உண்டு. கார்டியன், இண்டிபெண்டண்ட் இல்லை. கார்டியனுக்குத் தனியாக வாசகர் ஆசிரியர் இருக்கிறார். ஐப்சோவிடம் பொதுவாக வெளியான 4 மாதத்துக்குள் போக வேண்டும். ஆசிரியர் நெறிமுறையின் 1ஆம் பிரிவு, துல்லியம், அதைச் சுட்டிக்காட்டினால் போதும். ‘ஒருதலைப்பட்சம்’ என்ற புகார் அங்கே நிற்காது, கருத்துக் கட்டுரை ஒரு பக்கம் சாயலாம். உண்மைத் தகவல் பிழைதான் நிற்கும்.

வசை எல்லை மீறினால் நிருபர் செய்ய வேண்டியதும் ஒழுங்காக இருக்க வேண்டும். பதில் எழுதாதீர்கள், மேற்கோளாகப் பகிர்ந்து உங்கள் வாசகர்களை அந்த ஆள்மேல் ஏவாதீர்கள். இணைப்பு முகவரி, தேதி, நேரம், கணக்கின் பெயர் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள், கணக்கை முடக்குவது அதற்குப் பிறகு. முதலில் முடக்கினால் ஆதாரம் கையைவிட்டுப் போகும். மிரட்டல் என்றால் அலுவலகத்துக்கும் போலீசுக்கும். பெண் நிருபர்களுக்கு வருகிற வசை பல மடங்கு கொடூரம். அதை அவரே தினமும் படித்துப் பிரிக்க விடாமல் மேசையில் வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், இது அலுவலகத்தின் பொறுப்பு. ரசிகர் பக்கத்தை நடத்துபவர்களுக்கு ஒரு விதி உதவும்: செய்தியை எவ்வளவு வேண்டுமானாலும் பிய்த்து விமர்சிக்கலாம், நிருபரின் குடும்பம், முகம், வீடு பற்றிய எந்த வரியும் உடனே நீக்கப்படும். இந்த விதியைப் பிரச்சினை வருவதற்கு முன்பே மேலே ஒட்டிவைக்க வேண்டும். வந்த பிறகு போட்டால் ‘அவனைக் காப்பாற்றுகிறாய்’ என்பார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. புணேயைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கிஸ் 2010இல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை வாங்கியது. 2012இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, 2017இல் மூன்றாம் பிரிவுக்கே போனது. உரிமையாளர்கள் கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டபோது, லங்காஷயர் ரசிகர்கள் டெல்லி விசாரணைத் தேதிகளைப் பின்தொடர வேண்டியிருந்தது. அங்கே இருக்கிற ரசிகருக்கு இங்கே இருக்கிற நிருபர் எவ்வளவு பயன்படுவார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நியூகாசிலுக்கே திரும்பினால், 2020இல் கிளப்பைச் சவுதி நிதியத்துக்கு விற்கும் பேரம் இழுத்தடித்தபோது பிரீமியர் லீக் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று போராடியவர்கள் ரசிகர்கள். பட்டத்து இளவரசர் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கே செய்தி அனுப்பித் தலையிடக் கேட்டார் என்பதை 2021 ஏப்ரலில் வெளிக்கொண்டுவந்தவர்கள் நிருபர்கள். இருவரும் தேடியது ஒரே கோப்பு. ‘சவுதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது’ என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழி பெற்றதாக லீக் 2021இல் அறிவித்தது, வாசகத்தை வெளியிடவில்லை. 2023இல் அமெரிக்காவில் கோல்ஃப் வழக்கொன்றில் அதே நிதியம் தன்னை அரசின் இறையாண்மை அங்கம் என்றும், அல் ருமையானைப் பதவியிலிருக்கும் அமைச்சர் என்றும் சொல்லிக்கொண்டது. அந்த மார்ச்சில் நாடாளுமன்றக் குழு முன் லீக் தலைமை நிர்வாகி ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் அதுபற்றிப் பிடிகொடுக்கவில்லை.

2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையம் வந்துவிட்டது. முந்தைய வரைவில், உரிமையாளரைச் சோதிக்கும்போது அரசின் வெளியுறவு, வர்த்தகக் கொள்கையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றிருந்த பிரிவை இதில் நீக்கிவிட்டார்கள். எனவே இனி மனுவை அனுப்ப ஒரு முகவரி இருக்கிறது. ரசிகர் டிரஸ்ட்டும் உள்ளூர்ப் பத்திரிகையும் சேர்ந்தே கையெழுத்திட்டு மூன்று கேள்வி அனுப்பலாம்: அந்த உறுதிமொழியில் கையெழுத்திட்டவர் யார், மீறினால் தண்டனை என்ன, மீறல் நடந்ததா என்று யார், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சோதிக்கிறார்.